43 கிலோ குண்டும் அதன் மூக்கில் ஒரு பிளக்கும்

போன வாரம் நண்பர் ஒருத்தர் கூப்பிட்டார். "பையன் அக்னிவீர்ல செலக்ட் ஆயிட்டான். ஆர்ட்டிலரி, நாசிக் ரோட்டுல ட்ரெயினிங். நீ பீரங்கியில இருந்தவனாச்சே, எப்படிய்யா இருக்கும்?" போன்ல சொல்லி மாளல, அதான் எழுதறேன்.

155 எம்எம் போஃபர்ஸ் பத்தி ஊருக்கே தெரியும். ஊழல் கதையில தெரிஞ்சவங்கதான் அதிகம். 20 கிலோமீட்டருக்கு மேல போகும், கால் நிமிஷத்துல 3 குண்டு தள்ளும். அதெல்லாம் பீரங்கியோட பெருமை. நான் சொல்ல வந்தது குண்டைப் பத்தி.

ஒண்ணு சுமார் 43 கிலோ. வீட்டு கேஸ் சிலிண்டர் நிரம்பியிருந்தாலே 30 கிலோதான், அதுக்குப் பிடியாவது இருக்கு. பீரங்கிக்கிட்ட கிரேன் தூக்கிடும். லாரியிலிருந்து குண்டு அடுக்கற குழிக்கும், குழியிலிருந்து கிரேனுக்கும் நம்ம நெஞ்சுதான். 1999 கார்கில் சண்டையில, திராஸ்ல, பத்தாயிரம் அடிக்கு மேல, சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும். அந்தச் சண்டையில நம்ம பீரங்கிப்படை சுட்டது ராக்கெட்டையும் சேர்த்து இரண்டரை லட்சம்னு பின்னாடி படிச்சப்ப, முதல்ல இடுப்புதான் ஞாபகம் வந்தது.

இடுப்பைக்கூட மன்னிச்சிடலாம். அந்த பிளக்கை மன்னிக்கவே மாட்டேன். குண்டை வெடிக்க வைக்கற ஃபியூஸ் போடற ஓட்டையை மூடி, குண்டோட மூக்குல வளையம் வச்ச பிளக் ஒண்ணு திருகியிருக்கும். அதைக் கழட்டினாத்தான் ஃபியூஸ் ஏறும். விடியக்காலைக் குளிர்ல அசையவே அசையாது. கையுறையோட பிடிச்சா வழுக்கும், வெறுங்கையால பிடிச்சா விரல் இரும்போட ஒட்டும். ஒருத்தன் குண்டைக் காலிடுக்குல அமுக்கிக்க, இன்னொருத்தன் வளையத்துல கம்பி விட்டு முறுக்கணும். எங்க நம்பர் ஒன், அதாவது பீரங்கிக்குப் பொறுப்பான ஹவில்தார், "ஜல்தி, ஜல்தி"ன்னு கத்திட்டே இருப்பார். ஒருநாள் அவரே வந்து முறுக்கிப் பார்த்தார். அப்புறம் கத்தல.

நியாயத்துக்குச் சொல்லணும்னா, குண்டு மேல குறையே இல்ல. அடிப்பக்கம் செம்பு வளையம் ஒண்ணு இருக்கும். கல்லுல பட்டு நசுங்காம அதைக் காபந்து பண்ணினா போதும். குண்டைக் குழலுக்குள்ள தள்ளற 'ராம்மர்' கருவி தள்ளினதும் அந்தச் செம்பு குழலுக்குள்ள இருக்கற வரிப்பள்ளத்துல போய்க் கவ்வும் பாருங்க, வெண்கல அண்டாவைத் தட்டின மாதிரி 'ணங்'னு ஒரு சத்தம். கண்ணை மூடிக்கிட்டே சொல்லலாம், உக்காந்துடுச்சுன்னு. டைகர் ஹில்லுக்கு அடிச்ச ராத்திரியெல்லாம் அந்தச் சத்தத்துக்காகவே அடுத்ததைத் தூக்கினேன்னு சொன்னா நம்பணும். ஜூலை 4-ந் தேதி மலை நம்ம கைக்கு வந்துடுச்சுன்னு சேதி வந்தப்போ நான் குழியிலேயே தூங்கிட்டிருந்தேன். காதுல பஞ்சு வச்சுத்தான் இருந்தேன். ஆனாலும் வலது காதுல இன்னிக்கும் கொசு பறக்குது.

பையன்கிட்ட என்ன சொல்றது? இதைவிட நல்ல வேலை பட்டாளத்துல கிடையாது. ஆனா தகவல் தொடர்பு பாக்கற சிக்னல்ஸுக்கு மாத்திக்க வழி இருந்தா மாத்திக்கச் சொல்லுங்க. நேத்து சிலிண்டரை உருட்டாம தூக்கிட்டேன், இடுப்புல பெல்ட் கட்டிக்கிட்டு எழுதறேன். அடுத்த வாரம் கேட்டா வேற சொல்லுவேன்.