டர்பன்காரர்கள் கவனத்துக்கு: டைமிங் கிட் பெட்டிக்குள் போலி ஐட்லர்

ஆளாளுக்கு வாட்ஸப்பில் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் டைமிங் பெல்ட் (எஞ்சினில் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து ஓட வைக்கிற பல் பெல்ட்) மாற்றப் போகிறவர்கள் பெல்ட் என்ன கம்பெனி என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். என்னை ஏமாற்றியது பெல்ட்டில் இல்லை, அந்த பெல்ட் ஓடுவதற்குத் தாங்கலாகச் சுற்றுகிற சின்ன ரோலரான ஐட்லர் புல்லியில்.

என்னுடையது வோக்ஸ்வேகன் கேடி வேன், 1.9 டிடிஐ டீசல். கல்யாணம், காவடி என்று சமையல் சாமான் ஏற்றிப் போகிற வண்டி. இதில் பெல்ட்டை மாற்ற எஞ்சினை ஜாக்கியில் தாங்கி நிறுத்தி எஞ்சினைத் தாங்குகிற ஒரு பக்க மவுண்ட்டையே கழற்ற வேண்டும், அதனால் கூலியும் அதிகம். ஒருமுறை திறந்தால் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுவதுதான் வழக்கம். அப்படித்தான் பேசிக்கொண்டேன். கடைக்காரர் நம்ம ஆள், நல்ல பேச்சு. பெல்ட்டும் ரோலர்களும் சேர்ந்து வருகிற, பெயர் பெற்ற ஐரோப்பியக் கம்பெனியின் டைமிங் கிட் பெட்டியைக் கவுண்டரில் வைத்துத் திறந்து, ஐட்லரை எடுத்து விரலில் மாட்டிச் சுண்டிவிட்டார். விர்ரென்று நிற்காமல் சுற்றியது. "பாருங்க தம்பி, எவ்வளவு ஸ்மூத்து!" என்றார்.

அந்த வித்தையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் போட்டு உள்ளே கிரீஸ் அடைத்த புது ரோலர் அப்படிச் சுற்றாது. கையால் சுற்றினால் லேசாகப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், சீக்கிரமே நின்றுவிடும். பம்பரம் மாதிரி சுற்றுகிறது என்றால் உள்ளே கிரீஸ் போதவில்லை, அல்லது சீல் சும்மா பேருக்கு இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். மாட்டிய பிறகு ஐட்லருக்கு யாரும் கிரீஸ் வைக்கப் போவதில்லை, அடுத்த பெல்ட் மாற்றும் வரை உள்ளே இருப்பதை வைத்துத்தான் எஞ்சின் சூட்டில் நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை சுற்றியாக வேண்டும்.

இரண்டு மாதம் ஆகியிருக்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் பெல்ட்டை மூடியிருக்கிற டைமிங் கவர் பக்கம் மெல்லிய ஊளைச் சத்தம், சூடானதும் போய்விடும். திரும்பக் கொண்டுபோனேன். ஆல்டர்னேட்டர் பெல்ட்டுதான் என்று எதையோ ஸ்ப்ரே அடித்து அனுப்பினார்கள், டைமிங் கவரைத் தொடவே இல்லை. கொஞ்ச நாளில் பீட்டர்மரிட்ஸ்பர்க் போகிற வழியில், என்3 நெடுஞ்சாலையில் கீ ரிட்ஜ் ஏற்றத்தில், பின்னால் முழு லோடு, எஞ்சின் அப்படியே அணைந்தது. ஒரு எச்சரிக்கை விளக்கும் முன்னால் எரியவில்லை. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுகிறது. சிலிண்டருக்குள் காற்று அழுந்தவில்லை, அதாவது கம்ப்ரெஷன் இல்லை என்று அர்த்தம், அந்த இடத்திலேயே வயிறு கலங்கிவிட்டது. இந்த எஞ்சினில் பெல்ட் போனால் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கிற வால்வில் இடிக்கும்.

பைன்டவுனில் வேறொரு மெக்கானிக் என் கண் முன்னால் கவரைத் திறந்தார். ஐட்லர் இறுகிப்போய்ச் சூட்டில் நீலம் பாரித்திருந்தது, பெல்ட் அதன் மேல் உரசி உரசிப் பல்லெல்லாம் போய்விட்டது. தூசி மூடியை நெம்பினால் உள்ளே துருப்பொடி மாதிரி காய்ந்த கிரீஸ், பேரிங்கில் எழுத்தும் இல்லை நம்பரும் இல்லை. வெளியே இருந்த கம்பெனிப் பெயர் பிரேக் கிளீனர் நனைத்த துணியால் ஒரு துடை துடைத்ததும் போய்விட்டது. பக்கத்திலேயே டென்ஷனர் இருந்தது, அதே கம்பெனிதான், அதில் பெயர் லேசரால் பொறித்தது, நகத்தால் சுரண்டினாலும் அசையவில்லை. பெல்ட்டும் அசல். ஆக மொத்தப் பெட்டியும் போலி இல்லை, ஐட்லரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள். அசலைத் தனியாக விற்றிருப்பார்கள் என்பது என் ஊகம். அதில் என்ன மிஞ்சியிருக்கும், சில நூறு ரேண்ட்? எனக்கு எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி வால்வு மாற்றிய செலவு பல ஆயிரம்.

ஒன்று, பிளாஸ்டிக் ஐட்லர் என்றாலே மட்டம் என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை, அசலிலேயே நைலான் உருளை வருகிற வண்டிகள் உண்டு. பெல்ட் கம்பெனி கிட்டில் வேறு பேரிங் கம்பெனியின் ரோலர் இருப்பதும் சகஜம்தான். பார்க்க வேண்டியது பொறித்த எழுத்து, பார்ட் நம்பர், பெல்ட் ஓடுகிற பரப்பு வழவழப்பாக இருக்கிறதா என்பது. என்னுடைய போலியில் லேத்தில் கடைந்த வரிகள் நகத்தில் தட்டின. ஷாஃப்ளர் கம்பெனியின் ஐஎன்ஏ, எஃப்ஏஜி பெட்டி என்றால் அவர்களுடைய ஆரிஜின்செக் ஆப்பில் பெட்டியிலுள்ள குறியீட்டை ஸ்கேன் பண்ணலாம், எஸ்கேஎஃப் என்ற பேரிங் கம்பெனிக்கு எஸ்கேஎஃப் ஆதென்டிகேட் ஆப் இருக்கிறது. ஆனால் பெட்டி அசலாக இருந்து உள்ளே இருப்பது மாறியிருந்தால் ஆப் என்ன செய்யும், அதனால் வண்டியில் மாட்டும் முன் ஒவ்வொரு ரோலரையும் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

கடைக்காரர் இப்போது சொல்வது: பெல்ட் நல்ல பெல்ட், நீங்கள் அதிக லோடு ஏற்றினீர்கள். பில்லில் 'டைமிங் கிட்' என்று ஒரே வரி, பார்ட் நம்பர் கிடையாது. பழைய சாமானைக் கேட்டால் குப்பையில் போட்டாச்சாம். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 67ஆம் பிரிவுப்படி, வேண்டாம் என்று நாம் சொன்னால் ஒழிய கழற்றிய பாகத்தை எடுத்து வைத்துத் திருப்பித் தர வேண்டும். 57ஆம் பிரிவு, மாட்டிய புதுப் பாகத்துக்கும் அதற்கான கூலிக்கும் குறைந்தது மூன்று மாத வாரண்டி தருகிறது, பில்லில் எழுதாவிட்டாலும் அது உண்டு. இதையெல்லாம் எழுத்தில் அனுப்பிய பிறகுதான் ஐட்லர் விலையை மட்டும் திருப்பித் தருவதாக இறங்கி வந்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, மோட்டார் துறைக் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மன் மியோசாவிடம் புகார் போயிருக்கிறது.

நேற்று அந்தக் கடையிலிருந்து போன். ஐட்லரைக் கொண்டுவந்து கொடுங்கள், கம்பெனிக்குச் சோதனைக்கு அனுப்புகிறோம் என்றார்கள். வேண்டுமானால் போட்டோ அனுப்புகிறேன், ரோலர் என்னிடம்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.