சுத்த லினனும் கலப்பு லினனும்: ஓராண்டு உடுத்திப் பார்த்தபின்

சென்ற ஆண்டு சித்திரையில் ஈரோட்டில் ஒரு துணிக்கடையில் இரண்டு சட்டைத்துணிகள் எடுத்தேன். ஒன்று 60 லீ (லினன் நூலின் நுண்மையைக் குறிக்கும் எண்) லினன், மீட்டர் 1,250 ரூபாய். மற்றொன்று 480 ரூபாய். இரண்டும் 58 அங்குல அகலம் என்பதால் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர் போதுமானதாக இருந்தது. “ரெண்டுமே சுத்த லினன்தான் சார், அது பெரிய மில், இது சின்ன மில், அவ்வளவுதான்” என்று சொல்லித்தான் விற்பனையாளர் வெட்டிக் கொடுத்தார். மாறி மாறி உடுத்தி, ஒவ்வொன்றையும் ஏறத்தாழ நாற்பது முறை துவைத்த பிறகே இதை எழுதுகிறேன்.

மலிவுத் துணி சுத்த லினன் அன்று. தையற்கடையில் மிஞ்சிய துண்டிலிருந்து குறுக்கே ஓடும் ஓர் ஊடை இழையை உருவி முறுக்கைப் பிரித்தேன். உதிர்ந்த நார்கள் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டவில்லை; பருத்தி நாரின் நீளம்தான். விலை கூடிய துணியின் இழையைப் பிரித்தபோது விரல் நீளத்தையும் மிஞ்சிய, பளபளப்பான நார்கள் வந்தன. பலர் சொல்வதுபோல் இழையைக் கொளுத்திப் பார்ப்பதில் இங்குப் பயனில்லை. பருத்தியும் லினனும் செல்லுலோஸ் என்ற ஒரே தாவரப் பொருள்தான். இரண்டும் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். உருகி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர் இருக்கிறது என்பதை மட்டுமே அந்தச் சோதனை சொல்லும்.

இரண்டு துணிகளிலும் உள்ள லினனுக்கு மூலம் ஆளிச் செடிதான். நம் நாட்டு மருந்துக் கடையில் விதையாக விற்கிறார்களே, அதே இனம். மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் விதைக்காக வளர்க்கும் ஆளி குட்டையாகக் கிளைத்து நிற்கும். நாருக்கு வேண்டியது கிளைக்காமல் ஒரு மீட்டர் உயரும் நெட்டைத் தண்டு. அதை நெருக்கமாக விதைத்து வளர்ப்பவர்கள் பிரான்சின் வடகடற்கரை, பெல்ஜியம், நெதர்லாந்து உழவர்கள். உலகின் நீள ஆளிநாரில் ஏறத்தாழ முக்கால் பங்கு இவர்களுடையது. மார்ச், ஏப்ரலில் விதைத்தால் நூறு நாளில் அறுவடை; மழை நீரே போதும், உரமும் குறைவு. சாகுபடியை மட்டும் பார்த்தால் இது ஏழைகளின் துணியாக இருந்திருக்க வேண்டும்.

விலை ஏறுவது அதற்குப் பின்தான். நாரின் நீளம் குறையக் கூடாது என்பதற்காகத் தண்டை அறுக்காமல் வேரோடு பிடுங்கி, அதே வயலில் வரிவரியாகப் பரப்புகிறார்கள். பனியும் மழையும் பட்டுப் பல வாரங்கள் கிடக்கையில், பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் நாரைத் தண்டோடு ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைத் தின்றுவிடுகின்றன. தேங்காய் மட்டையை ஊறப்போட்டு நார் எடுப்பதற்கு ஒப்பான வேலைதான் இது. குளத்து நீருக்குப் பதிலாக இங்கே பனி. போதிய ஈரம் இல்லையென்றால் நார் பிரியாது. நாள் கடந்துவிட்டால் நாரே வலுவிழக்கும். பிறகு தண்டை நசுக்கி, அடித்து, சீவினால், காய்ந்த தண்டின் எடையில் நான்கில் ஒரு பங்குகூட நீள நாராகத் தேறுவது அரிது. அதையும் பருத்தி ஆலையில் நூற்க முடியாது. மெல்லிய நூலுக்கு வெந்நீரில் நனைத்தபடியே நூற்கும் தனி இயந்திரங்கள் வேண்டும். 2022, 2023ஆம் ஆண்டுகளில் அந்தக் கடற்கரையில் விளைச்சல் பொய்த்தபோது நாரின் விலை கிடுகிடுவென்று உயர்ந்தது.

சீவும்போது கழியும் குட்டை நார் மட்டமான சரக்கு அன்று, வெறும் குட்டை, அவ்வளவே. அதைப் பருத்தி நாரின் நீளத்துக்கு வெட்டிச் சுத்தம் செய்து, பருத்தியோடு கலந்து, வழக்கமான பருத்தி இயந்திரத்திலேயே நூற்கலாம். என் 480 ரூபாய்த் துணியின் இரகசியம் இதுதான். கட்டுப்படியாகும் விலையில் லினன் வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து நேர்மையான வழியும் இதுதான். அதைச் சுத்த லினன் என்று சொல்லி விற்றதில்தான் எனக்குக் குறை, துணியில் இல்லை.

உடுத்தியதில் கண்டவை: கத்திரி வெயிலில் சுத்த லினன் வியர்வையை உறிஞ்சி, ஒட்டாமல் விறைப்பாக நிற்கிறது, கொடியில் போட்டால் ஒன்றரை மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. ஆனால் ஸ்கூட்டரில் கால் மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் மடிப்பகுதி கசக்கிப் பிரித்த காகிதம்போல் ஆகிவிடும். கலப்புத் துணி அவ்வளவு கசங்குவதில்லை. முதல் நாளிலிருந்தே மிருது. காய அரைமணி கூடுதலாகிறது. இருபது துவைப்புக்குப் பின் காலரிலும் கைப்பட்டியிலும் மெல்லிய பிசிறு எழுந்தது.

ஒரு தவறு என்னுடையது. சுத்த லினனை இரவு முழுக்க ஊறவைத்துத் தையலுக்குக் கொடுத்த நான், விலை குறைந்ததுதானே என்று மற்றதை அப்படியே கொடுத்துவிட்டேன்; முதல் துவைப்பிலேயே கை ஒரு விரற்கடை ஏறிவிட்டது. இன்னொன்று: ஆளிநார் அறுபடுமுன் இரண்டு, மூன்று சதவீதமே நீளும். ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப அழுத்தி இஸ்திரி போட்டுத் தேய்த்தால் அந்தக் கோட்டிலேயே அறுகும். சுத்த லினன் சட்டையின் காலர் மடிப்பில் இப்போது வெளுத்த கோடு ஒன்று தெரிகிறது. ஈரம் இருக்கும்போதே தேய்த்து, மடிப்பை மட்டும் அழுத்தாமல் விட்டிருந்தால் தப்பித்திருக்கும்.

சென்ற மாதம் அதே கடைக்குப் போய் மலிவுத் துணியிலேயே இன்னும் இரண்டு சட்டைக்கு எடுத்தேன். பில்லில் ‘காட்டன் லினன்’ என்று எழுதித் தரச் சொன்னேன். விற்பனையாளர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, அப்படியே எழுதிக் கொடுத்தார். விலை மட்டும் அதே 480.