டர்பன் பன்னி சோ கடை: கறிக்கும் மரியாதைக்கும் என் மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், விக்டோரியா தெருச் சந்தைக்கு அருகிலுள்ள இச்சிறு உணவகத்தில், ரொட்டியைக் குடைந்து ஆட்டுக்கறி நிரப்பித் தரும் பன்னி சோவுக்காக மதிய வேளையில் நீண்ட வரிசை நிற்கிறது. கறி நன்கு வெந்திருந்தது; உருளைக்கிழங்கும் குழம்பில் ஊறியிருந்தது; காரம் மட்டும் டர்பன் நாக்குக்குச் சற்றுக் குறைவு.

எனக்கு முதலில் பீன்ஸ் கறியைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே மன்னிப்புக் கேட்ட ஜூலு இனப் பணிப்பெண், வலக்கையை நீட்டி, இடக்கையால் முன்கையைத் தாங்கியபடி, அவர்கள் மரபில் மரியாதைக்குரிய முறையில், புதிய தட்டைக் கொடுத்தார். கல்லாவில் இருந்த தமிழ்ப் பாட்டியோ மன்னிப்பு என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ, தம்பி" என்று ஒரு கரண்டிக் குழம்பைக் கூடுதலாக ஊற்றினார். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் வருத்தத்தைத் தெரிவிக்கும் விதம் இதுதான் என்பதால், எனக்கு இரண்டும் நிறைவாகவே இருந்தன. மேலாளர் மட்டும் ஆள் பற்றாக்குறை, அடுப்புக் கோளாறு என்று காரணங்களை அடுக்கினார். அதை மன்னிப்புக் கணக்கில் சேர்க்க என்னால் இயலவில்லை.

அருகில் ஒருவர் குளிர்பானத்தைக் கொட்டியபோது, தொடர்பே இல்லாதவர்கள்கூட அவரிடம் "சாரி" என்றார்கள். தென்னாப்பிரிக்காவில் இது அனுதாபம். தவற்றை ஒப்புக்கொள்வது அன்று. சென்னையிலிருந்து வந்திருந்த என் உறவினருக்கோ இது பெரும் வியப்பு.

கூட்டத்தைத் தவிர்க்க விரும்புவோர் பதினொரு மணிக்கே செல்லலாம். ஒருவருக்குக் கால் ரொட்டியே போதும். கூடவே வரும் காரட் சம்பலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.