மொராவிய தினவசனப் புத்தகம்: வருகைக்குக் காத்திருப்பவர்கள் வாங்கலாமா?

கர்த்தருடைய இரண்டாம் வருகையைப் பற்றி ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று கிறிஸ்தவப் புத்தகக் கடையில் கேட்டால், மிருகத்தின் முத்திரை, ஏழு வருட உபத்திரவம், அந்திக்கிறிஸ்து யார் என்கிற வகையறாவைத்தான் பெரும்பாலும் எடுத்து வைப்பார்கள். படித்தால் பயம் வரும். திங்கட்கிழமை காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவன் எப்படி விழித்திருப்பது என்பதற்கு அவற்றில் பதில் கிடைப்பது அபூர்வம். அதனால் வருகையைப் பற்றித் தனியாக ஒரு அத்தியாயம்கூட இல்லாத ஒரு சின்னப் புத்தகத்தை இங்கே பரிந்துரைக்கிறேன். மொராவிய சபை என்கிற பழைய புராட்டஸ்டன்ட் சபை ஆண்டுதோறும் வெளியிடும் தினவசனப் புத்தகம் அது. ஜெர்மனியில் லோசுங்கன் என்பார்கள், ஆங்கிலத்தில் டெய்லி டெக்ஸ்ட்ஸ். என்னிடம் இருப்பது அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலுள்ள பெத்லகேமிலிருந்து வருகிற ஆங்கிலப் பதிப்பு.

இது பிறந்த இடமே விழித்திருந்த இடம்தான். 1727 ஆகஸ்டில், ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில், அகதிகளாக வந்து குடியேறிய விசுவாசிகள் இரவும் பகலும் முறைவைத்து ஜெபிக்கத் தொடங்கினார்கள். அது நூறு வருடத்துக்கு மேல் நிற்காமல் நடந்தது என்று சபை வரலாறு சொல்கிறது. அடுத்த வருடம் மே 3-ஆம் தேதி மாலைக் கூடுகையில், அவர்களுக்குத் தன் நிலத்தில் இடம் கொடுத்த சின்சென்டோர்ஃப் பிரபு மறுநாளைக்கென்று ஒரு வசனம் கொடுத்தார். அந்தப் பழக்கம் 1731-இல் அச்சுப் புத்தகமாகி இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது, இப்போது 50-க்கும் மேற்பட்ட மொழிகளில். (இதே மொராவியர்கள் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியிருந்தார்கள், நம் சபைகளில் பலருக்கு இது தெரியாது.)

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பழைய ஏற்பாட்டு வசனம், அதற்கு ஏற்ற ஒரு புதிய ஏற்பாட்டு வசனம், பாட்டு வரிகள், ஒரு சின்ன ஜெபம். அவ்வளவுதான். பழைய ஏற்பாட்டு வசனத்தை ஹெர்ன்ஹூட்டில் 1824 வசனங்கள் கொண்ட ஒரு தொகுப்பிலிருந்து சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள், அதுவும் மூன்று வருடம் முன்பாகவே. எனக்கு இந்தப் புத்தகத்தில் மிகவும் பிடித்தது இந்த விஷயம்தான். எங்கேயாவது போர் மூண்டால் அன்று சாயங்காலமே "இதோ கடைசி நாள்" என்று வீடியோ போடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுடைய அவசரம் இதற்குள் நுழைய வழியே இல்லை. எந்த நாளில் என்ன செய்தி வரும் என்று தெரியாத ஆட்கள் எடுத்துவைத்த வசனத்தோடு அந்த நாளை நாம் எதிர்கொள்கிறோம், அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்று ஆண்டவர் சொன்னதை நம்புகிறவர்கள் வாழவேண்டிய விதமும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் நாஜிச் சிறையிலிருந்து எழுதிய கடிதங்களிலும் இந்தத் தினவசனங்களைப் பற்றிய பேச்சு வரும்.

நம் சபைகளில் புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போமே, அதுவும் சீட்டுதானே என்று கேட்பீர்கள். பெரிய வித்தியாசம் உண்டு. அந்த அட்டையில் ஆசீர்வாதம் மட்டும்தான் இருக்கும், வருடத்துக்கு ஒன்றுதான் வரும், பிப்ரவரியில் அது எங்கே போனதென்றே தெரியாது. இதில் ஆறுதலோடு கண்டிப்பும் வரும், மனந்திரும்பச் சொல்லும் வசனமும் வரும், மறுநாள் காலையில் புதிதாக இன்னொன்று காத்திருக்கும். இயேசு சொன்ன பத்துக் கன்னிகைகள் உவமையில் புத்தியுள்ளவர்கள் எண்ணெய் வைத்திருந்தது மணவாளன் தாமதித்த நேரத்துக்காகத்தானே!

ஞாயிற்றுக்கிழமைகளுக்குத் திருச்சபை ஆண்டின்படி வாசிப்புப் பகுதிகளும் கொடுத்திருக்கிறார்கள். அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த நாட்கள்) முதல் ஞாயிறு அன்று கிறிஸ்துமஸ் குடில் மனநிலையில் புத்தகத்தைத் திறந்தால், மத்தேயு 24, மாற்கு 13, லூக்கா 21 ஆகியவற்றில் ஒன்று, மூன்று வருடச் சுழற்சியில், நேராக இரண்டாம் வருகைக்கே கொண்டுபோகும். ஜெர்மன் சபைகளில் திருச்சபை ஆண்டின் கடைசி ஞாயிறுக்குரிய சுவிசேஷமே பத்துக் கன்னிகைகள் உவமைதான். அந்த வார வசனம் "உங்கள் அரைகள் கட்டப்பட்டதாகவும், உங்கள் விளக்குகள் எரிகிறதாகவும்" என்கிற லூக்கா 12:35.

குறை இல்லாமல் இல்லை. வசனம் முன்பின் இல்லாமல் தனியாக நிற்கிறது, அந்த அதிகாரத்தைத் திறந்து படிக்காவிட்டால் ராசிபலன் பார்ப்பது போல ஆகிவிடும் அபாயம் நிஜமாகவே உண்டு. ஆங்கில நடையும் பாட்டுகளும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒட்டாது. நான் வசன எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு தமிழ் வேதாகமத்தில் படிக்கிறேன், குடும்ப ஜெபத்துக்கு அது போதும். விளக்கவுரை எதிர்பார்ப்பவர்கள் வேறு புத்தகம் பாருங்கள், இதில் ஒரு வரி விளக்கம்கூடக் கிடையாது.

காசு செலவழிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். வட அமெரிக்க மொராவிய சபை தினவசனத்தை மின்னஞ்சலில் இலவசமாகவே அனுப்புகிறது, அதில் சேர்ந்து கொஞ்ச நாள் படித்துப் பாருங்கள். பழகிவிட்டது என்றால் அச்சுப் பிரதி வாங்குங்கள், ஏனென்றால் காலையில் கைபேசியைத் திறந்தால் வசனத்துக்கு முன்னால் வாட்ஸ்அப் வந்து நிற்கும். வாலிபர் கூடுகை நடத்துகிறவர்கள், வீட்டில் படுக்கையில் இருக்கும் விசுவாசிகளைச் சந்திக்கப் போகிறவர்கள், இவர்களுக்கு யோசிக்காமல் வாங்கிக் கொடுக்கலாம்.