அரசு வீட்டுப் பராமரிப்பு: மருந்துக்கு நல்ல மார்க், மணிக்கணக்குக்கு முட்டை

ஏர்வாடிக்கும் கீழக்கரைக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊரில் ஜெராக்ஸ் கடையும் அதோடு இ-சேவை மையமும் நடத்துகிறேன். அடுத்தவர்களுக்கு உதவித்தொகை விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. வீட்டிலும் அதே கதைதான். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், சங்கு குளிக்கப் போனவர். இப்போது இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலோடு இருக்கிறார். கம்ப்ரஸர் குழாயில் மூச்சு வாங்கிக்கொண்டு ஆழத்தில் ரொம்ப நேரம் கிடந்துவிட்டு விறுவிறுவென்று மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழ் குமிழாகக் கிளம்பித் தண்டுவடத்தைக் கெடுத்துவிடும். எங்கள் கரையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பெரியம்மாவின் பிரஷர், சுகர் மாத்திரை அதில்தான் வீடு தேடி வருகிறது. கொண்டு வருகிற தன்னார்வலர் மகளிர் குழுவில் இருப்பவர், அதனால் மாத்திரையோடு ஊர்க்கதையும் வரும், பெரியம்மாவுக்கு இரண்டாவதுதான் முக்கியம். அண்ணனுக்கு வட்டாரத்துக்கென்று இருக்கிற நோய்த்தணிப்பு (பேலியேட்டிவ்) நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வண்டியில் வருகிறார்கள். நர்ஸ் முதல் தடவை வந்தபோது மருந்துச் சீட்டைக்கூடக் கேட்கவில்லை. அண்ணனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, படுக்கைப்புண் வருகிறதா என்று வால் எலும்பையும் குதிகாலையும் பார்த்தார். மதினியிடம் முகம் பார்க்கிற கண்ணாடியை வாங்கி, படுத்திருக்கிறவருக்கே தன் முதுகு தெரிகிற மாதிரி பிடித்துக் காட்டினார். “கறுத்தோ செவந்தோ இருந்தா விரலால அழுத்திப் பாருங்கக்கா. வெளுத்துட்டுத் திரும்ப நெறம் வந்தா பரவாயில்ல. வெளுக்கவே இல்லைன்னா அன்னைக்கே போன் போடுங்க.” இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போட வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்லிவிட்டுப் போனார். பிசியோ தம்பி, அண்ணன் தானே பிடித்து எழுந்து உட்காரக் கட்டிலின் கால்மாட்டில் கயிறு கட்டினார். அண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தம்பி, இந்த முடிச்சு நழுவும்யா” என்று அவிழ்க்கச் சொல்லித் தானே கட்டிக் காட்டினார். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் ரொம்ப நாளைக்கப்புறம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

இனி முட்டை. அந்த இரண்டு மணி நேரக் கணக்கை ஒரு இரவுக்குப் போட்டுப் பாருங்கள். மதினி எப்போது தூங்குவார்? இதை எந்த விண்ணப்பமும் கேட்பதில்லை. ஊனம் எத்தனை சதவீதம் என்று போடுவதற்காக ஒரு முகாமுக்கு அண்ணனை ஆட்டோவில் மடித்துப் படுக்கவைத்துத்தான் கொண்டுபோனோம். எந்த முகாம் என்பது வேண்டாம். உள்ளங்காலைச் சுரண்டிப் பார்த்தார்கள், ஒரு எண் எழுதினார்கள், முடிந்தது. ஒண்ணுக்குப் பை யார் மாற்றுவது, குளிப்பாட்ட எத்தனை ஆள், வீட்டில் வேறு யார் சம்பாதிக்கிறார்கள், ஒரு கேள்வி இல்லை. அந்த எண் உடம்பில் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைச் சொல்லும். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இன்னொருவர் கை வேண்டும் என்பதை அது எப்படிச் சொல்லும்?

சட்டத்தில் வழி இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆத்திரம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவுப்படி, தனக்கு அதிக உதவி வேண்டும் என்று நினைக்கிறவரே கேட்கலாம், அவருக்காக வேறு யாரும் கேட்கலாம், மதிப்பீட்டுக் குழு பார்த்துச் சொல்ல வேண்டும். என் கவுண்டருக்கு வருகிறவர்களில் இதைத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் அபூர்வம்.

கடை காலியாக இருக்கிற நேரத்தில் வெளிநாட்டு முறைகளைத் தேடிப் படிக்கிற வியாதி எனக்கு உண்டு. ஜெர்மனியில் 1995 முதல் பராமரிப்புக்கென்றே காப்பீடு இருக்கிறது. ஆள் அனுப்பட்டுமா, பணமாகத் தரட்டுமா என்பதைக் குடும்பம் முடிவு செய்யலாம். முன்பெல்லாம் குளிப்பாட்ட இத்தனை நிமிடம் என்று நிமிடக் கணக்கெடுத்தார்கள். 2017-லிருந்து தானாக எதைச் செய்துகொள்ள முடிகிறது என்று ஆறு விஷயங்களில் பார்த்து ஐந்து படியில் வைக்கிறார்கள். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலம் 1998-ல், ஏஜென்சி ஆளுக்குப் பதிலாகப் பணத்தையே பயனாளி கையில் கொடுத்து, வேண்டிய ஆளை அவரே வைத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தது. சொந்தக்காரரையும் வைக்கலாம். குலுக்கல் போட்டு இரண்டு கூட்டமாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். பணம் வாங்கியவர்களுக்குத் திருப்தி அதிகம், உடம்புக்குக் கூடுதல் கேடும் வரவில்லை.

இது ஏன் எங்கள் கரைக்குச் சரியாகப் பொருந்தும் என்றால், மதினி கடல்பாசி எடுக்கப் போகிறவர். பாசி தினமும் எடுக்கிற வேலை இல்லை. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், கடல் வற்றுகிற நேரம் பார்த்து இறங்க வேண்டும். அந்த நேரமும் நாளுக்கு நாள் தள்ளிப் போகும். மதுரையிலிருந்து ஆள் அனுப்பும் ஒரு தனியார் கம்பெனியைக் கேட்டேன். மாதம் முழுக்க எடுத்தால்தான் உண்டு, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், 20,000-க்கு மேல், ஆளுக்குச் சாப்பாடும் தங்க இடமும் தனி. கடல் வற்றுகிற நேரத்தை, போன் எடுத்த அம்மாவுக்குப் புரியவைக்கவே முடியவில்லை. “சார், காலை எட்டு டு இரவு எட்டு” என்பதிலேயே நின்றார்.

இங்கே கைக்கு வருவது எவ்வளவு? பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,500-லிருந்து 2,000 ஆனது. அதிக உதவி தேவைப்படுகிறவர் உதவியாளர் வைத்துக்கொள்ள மாதம் 1,000 கூடுதல். அண்ணனோடு முன்பு ஒரே வள்ளத்தில் போன ஒருவரை, மதினி கடலுக்குப் போகிற நாட்களில் மட்டும் வரச் சொல்லியிருக்கிறோம். நாளைக்கு 250. பன்னிரண்டு நாளுக்கு 3,000. பணம் சரியாகப் போய்விட்டது, பஞ்சு, பை, டயபருக்குப் பாசிக் காசுதான். தொகை குறைவு, சந்தேகமே இல்லை. ஆனாலும் யாரை வைப்பது, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதை அண்ணன் சொல்கிறார் பாருங்கள், அந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தப் பணத்துக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். வேறொருத்தர் கையால் குளிக்கிறவருக்கு, அந்தக் கை யாருடையது என்பது சின்ன விஷயமா?

பணமாகக் கொடுப்பதில் ஓட்டையும் உண்டு. ஆயாவின் ஏடிஎம் கார்டு பேரன் சட்டைப்பையில் இருப்பதை வாரா வாரம் பார்க்கிறேன். ஆர்கன்சாவில் வெறும் பணத்தை நீட்டிவிட்டுப் போகவில்லை. செலவுத் திட்டம் எழுத ஒரு ஆலோசகர், கணக்குப் பார்க்க ஒரு ஏற்பாடு, இரண்டும் கூடவே இருந்தன. இங்கே அதற்கு ஆள் புதிதாகத் தேட வேண்டுமா என்ன? மாத்திரை கொண்டு வருகிற தன்னார்வலருக்கே எல்லா வீட்டு அடுப்படியும் தெரியும். அவருக்கு இன்னும் கொஞ்சம் ஊதியம் கூட்டிக் கொடுத்து இதையும் செய்யச் சொல்லலாம்.

அதுவரைக்கும் நான் செய்கிறது இதுதான். விண்ணப்பத்தோடு இணைக்க ஒரு தாள் அடித்து வைத்திருக்கிறேன். இருபத்து நாலு கட்டம், மணிக்கு ஒன்று. அந்த நேரத்தில் என்ன உதவி, யார் செய்கிறார்கள், அவர் வேலைக்குப் போனால் யார், உதவி வாங்குகிறவருக்கு யார் வந்தால் சம்மதம் என்று நிரப்ப வேண்டும். கடைசிக் கட்டத்தைப் படுத்திருக்கிறவரே சொல்ல வேண்டும், கூட வந்தவர் சொன்னால் எழுத மாட்டேன். மதிப்பீடு செய்கிறவர் வாங்கிப் பார்க்காவிட்டாலும் கோப்பில் கிடக்கட்டும், மேல்முறையீட்டுக்கு ஆகும். தாளுக்குக் காசு வாங்குவதில்லை. நகல் வேண்டுமென்றால் ஜெராக்ஸுக்கு மட்டும் இரண்டு ரூபாய்.