85 மி.மீ. லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரர் அனுப்பும் ஒப்பீட்டுப் படங்களை நம்பாதீர்கள்

மலேசியாவில் ஈப்போ பக்கம் பழைய லென்ஸ் விற்கும் கடை ஒன்று நிக்கான் 85 மி.மீ. எஃப்/1.4ஜி லென்ஸ் ஒன்றை விற்று என்னை நன்றாக ஏமாற்றிவிட்டது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று படம் எடுக்கும் தம்பிகள் பலர் அங்கேதான் போகிறார்கள். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

என்னிடம் 85 எஃப்/1.8ஜி இருக்கிறது (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் திறப்பு பெரிதாகும், பின்னணி கூடுதலாக மங்கும்). நல்ல லென்ஸ், முகம் அவ்வளவு தெளிவாக விழும். ஆனால் எங்கள் தோட்டத்தில் எங்கே நிற்க வைத்தாலும் பின்னால் செம்பனை ஓலைதான். ஓலைக்கு நடுவே வானம் பளீரென்று தெரியும். அந்தப் பின்னணியை 1.8 கரைப்பதில்லை, கம்பி கம்பியாக, இரட்டைக் கோடாக விட்டுவிடும். மணப்பெண்ணின் தலைக்குப் பின்னால் அது கண்ணை உறுத்தும். 1.4 இதைவிட அடங்கி வருமா என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"நீங்களே பாருங்க தம்பி" என்று புலனத்தில் இரண்டு படம் அனுப்பினார். ஒரே பெண், ஒரே மரவரிசை. இடது பக்கம் 1.8, வலது பக்கம் 1.4 என்றார். இடதில் ஓலை முள் முள்ளாக நின்றது. வலதில் வெறும் பச்சை மேகம். "உள்ளே சுத்தமா இருக்கு" என்றும் எழுதினார். 2,600 வெள்ளி கட்டினேன், ஆள் மூலம் கொடுத்தனுப்பினார்.

இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தேன். அந்த வித்தியாசம் வரவே இல்லை. வரவும் வராது. 85-ஐ 1.8-ஆல் வகுத்தால் திறப்பு 47 மி.மீ., 1.4-ஆல் வகுத்தால் 61 மி.மீ. பின்னணியில் ஃபோக்கஸ் ஆகாத ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் மங்கலான வட்டமாக விழும். அதே இடத்தில் நின்று எடுத்தால் அந்த மங்கல் வட்டம் ஏறக்குறைய 1.3 மடங்குதான் பெரிதாகும். 1.4-இல் வட்டத்தின் ஓரம் கொஞ்சம் மென்மையாக விழுகிறது, ஓலையும் ஓரளவு அடங்குகிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் மேகம் எல்லாம் இல்லை.

அப்புறம்தான் அவர் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது படத்தில் மல்லிகைச் சரத்துக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் அளவு இடைவெளி. அதற்குள் தெரிந்த ஓலை மட்டும் நரம்பு தெரியும்படி கூர்மையாக இருந்தது! லென்ஸ் அப்படி மங்கலாக்காது. மென்பொருள் அந்த இடைவெளியையும் பெண்ணோடு சேர்த்து வெட்டிவிட்டுப் பின்னணியை மட்டும் கரைத்திருக்கிறது. படத்தின் மூலையில் இருந்த ஒளிப்புள்ளிகளும் முழு வட்டமாக இருந்தன. முழுதாகத் திறந்த 1.4 லென்ஸில் மூலை வட்டங்கள் நசுங்கி, பூனைக்கண் மாதிரிதான் வரும்.

இடது படம் இன்னும் மோசம். ஓலை நடுவே இருந்த புள்ளிகளில் ஏழு மூலை தெரிந்தது. 1.8ஜி-யின் அப்பர்ச்சர் இதழ்கள், அதாவது திறப்பைச் சுருக்கி விரிக்கும் தகடுகள், ஏழு. முழுதாகத் திறந்தால் வட்டமாக வருவது, நன்றாக மூடினால்தான் மூலை காட்டும். அதாவது நல்ல லென்ஸை வேண்டுமென்றே மூடி எடுத்து, அதை மட்டம் தட்டி, இன்னொன்றை என் தலையில் கட்டியிருக்கிறார்.

இதோடு போகவில்லை. கோயில் திருவிழா இரவில் பின்னால் பல்புச் சரம் வைத்து எடுத்தேன். வட்டத்துக்கு வட்டம் சிலந்தி நூல் போல அதே கறை. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் பூஞ்சை வேர்விட்டுப் படர்ந்திருக்கிறது. கூர்மையான முகத்தில் இது தெரியாது, மங்கலான விளக்கில்தான் காட்டிக்கொடுக்கும். பழைய லென்ஸ் வாங்கும் முன் தூரத்து விளக்கு ஒன்றை ஃபோக்கஸ் தவற வைத்து நீங்களே ஒரு படம் எடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் எடுங்கள்.

திரும்பக் கொடுக்கப் போனால், "தோட்டத்து ஈரத்துல வந்திருக்கும், நாங்க பொறுப்பில்ல" என்கிறார். அத்தனை படர்ந்த பூஞ்சை சில நாளில் வளராது. கடையில் நின்ற பையனுக்கே அது தெரியும், அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். மல்லிகைச் சரம் வைத்த அந்தப் பெண்ணின் படம் உங்களுக்கும் வந்திருந்தால், கடைக்காரர் எழுதிய செய்தியோடு சேர்த்து எனக்கு அனுப்பி வையுங்கள். விசாரணைக்கு முன் மனுவோடு இணைக்க வேண்டும்.