அக்செஸ்மாட் 5: பந்தலூர் மலையில் மூன்று மழைக்காலம்

மலேரியா வரைபட வேலைக்கு, சுகாதார நிலையத்தை எட்ட எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிடும் உலக சுகாதார நிறுவன மென்பொருளான அக்செஸ்மாட் (AccessMod) 5 சரிப்படுமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். இலவசம், க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் தயாரித்த வரைபட அடுக்குகளை வாங்கிக்கொள்ளும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும்.

இதன் பெரிய உபகாரம், ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சுற்றி 5 கி.மீ. வட்டம் போட்டு எல்லாரும் எட்டும் தூரத்தில் இருப்பதாக எழுதும் பழக்கத்தை ஒழித்தது. சமதளத்தில் மணிக்கு 5 கி.மீ. நடப்பவர், டோப்லரின் (Tobler) நடைவேகச் சூத்திரப்படி 30 சதவீத ஏற்றத்தில் சுமார் 1.75 கி.மீ.தான் போவார், அதே சரிவில் இறங்கினால் 2.5. ஆகவே 'நிலையத்தை நோக்கி', 'நிலையத்திலிருந்து' இரண்டையும் தனித்தனியே ஓட்டுங்கள். காய்ச்சல்காரர் ரத்தத் தடவல் கொடுக்க இறங்கி வருவது ஒரு கணக்கு. வைவாக்ஸ் வகை மலேரியா நோயாளி 14 நாளும் பிரைமாகுவின் மாத்திரை விழுங்கினாரா என்று பார்க்க சுகாதார ஆய்வாளர் ஏறிப்போவது இன்னொரு கணக்கு. மாத்திரை பாதியில் நின்றால் ஈரலில் தங்கிய கிருமி மாதக்கணக்கில் கழித்தும் கிளம்பும். அந்த இரண்டாவது வரைபடத்தைக் கையில் கொடுத்ததற்காகவே இந்த மென்பொருளைக் கும்பிடலாம்.

சரிவுத் திருத்தம் நடைக்கும் சைக்கிளுக்கும் மட்டுமே. வண்டிக்குக் கிடையாது. கொண்டை ஊசி வளைவுச் சாலைக்கு வேகம் மணிக்கு 40 கி.மீ. என்று விட்டுவிடாமல் 20க்கு இறக்கி, ஜீப் ஓட்டுபவர்களிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அடுக்கு வரிசையில் சாலை, ஆற்றுக்கு மேலே இருக்கட்டும். கீழே போனால் பாலம் அறுந்து அக்கரை முழுக்க வெறுமையாகிவிடும். எல்லா அடுக்கும் யூடிஎம் (UTM) என்ற வரைபட ஆயமுறையின் 43 வடக்கு மண்டலத்தில் இருக்க வேண்டும். குடியாத்தம் பக்கம், ஆந்திர எல்லையில் செய்பவர்களுக்கு 44.

தீராத எரிச்சல் மாநில எல்லைதான்; பந்தலூர் தாலுகா கேரளத்தின் வயநாட்டை ஒட்டியது. நமக்குக் கிடைக்கும் நிலையப் பட்டியல் தமிழ்நாட்டோடு முடிகிறது. இங்கே எருமாடு, அய்யன்கொல்லிக்காரர் மேல்சிகிச்சைக்கு வயநாட்டுச் சுல்தான் பத்தேரிக்குப் போவார். மென்பொருளோ அவரைக் கூடலூருக்கு நடக்கவிட்டு மணிக்கணக்கைச் சிவப்பில் காட்டும். ஒரு எச்சரிக்கையும் வராது! எல்லைக்கு வெளியே குறைந்தது 25 கி.மீ. சேர்த்து வெட்டி, வயநாட்டு நிலையங்களைக் கையால் ஏற்ற வேண்டும். அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்கள் பல குடும்பாரோக்கிய கேந்திரமாகிவிட்டதால் (குடும்ப நல மையம்) நிலையத்தின் தரத்தைக் காட்டும் குறியீட்டையும் இரு மாநிலத்துக்கும் பொதுவாக்க வேண்டும். ஒவ்வொரு முறை பட்டியல் மாறும்போதும் இதே பாடு.

நோயாளிப் புள்ளிகளிலும் கவனம் வேண்டும். எஸ்டேட் முகவரியை அப்படியே தேடினால் பத்து லயனும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆபீஸ் வாசலில் ஒரே புள்ளியாகக் குவியும். லயன் வாரியாக ஜிபிஎஸ் எடுங்கள். மரநிழலில் பிழை கூடும் என்பதால் வெட்டவெளியில் நின்று எடுங்கள். தொற்று வேறு மாநிலத்தில் வாங்கியதா, உள்ளூரா என்ற பத்தி இல்லாமல் வண்ணம் தீட்டினால், வேலைக்கு வந்தவர்கள் தங்கும் லயன் கொசு உற்பத்தி இடம்போலத் தெரியும். மருந்தடிப்பவர்கள் தவறான ஓடைக்குப் போவார்கள்.

இத்தனை நல்லதைச் சொல்லியும், எல்லைத் தாலுகாவுக்கு இதை எடுங்கள் என்று சொல்ல இன்று மனம் வரவில்லை. வயநாட்டுப் பட்டியல் கைக்கு வரட்டும். அதுவரை பந்தலூர் வரைபடத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள்; அதை நம்பி ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தை மாற்றிவிடுவார்கள்.